தட்டாமல் கிடந்தவர்கள்

தம்மாம் விமான நிலையத்தின் ஒதுக்குப்புறக் கூடம் ஒன்றில், காலை ஒன்பது மணிக்கு, இருநூற்று எண்பது ஆண்கள் சட்டையின் வலது கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ரேஷன் கடை வரிசையில்கூட நாலு பேச்சு இருக்கும். இங்கே செருப்புச் சத்தம் மட்டும்தான். வரிசையின் முனையில் நான்கு நர்சுகள் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் விமானத்தில் கூடவே ஏறுபவள் ஜெசிந்தா ஒருத்திதான்.

மணப்பாறைக்காரி. முப்பத்தாறு வயது. பத்து வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்துவிட்டு நாரை ஏர் நிறுவனத்துக்கு வந்தவள். 'துயில் கண்காணிப்பாளர்' என்று அடையாள அட்டையில் போட்டிருக்கும். பயணிகள் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அவர்களுக்கு அவள் ஊசிக்காரம்மா.

"எவ்ளோ நேரம் தூங்குவேன் சிஸ்டர்?" என்று கேட்டவர் ஜமால்தீன். அறந்தாங்கிப் பக்கம். லாரி ஓட்டுகிறவர். வயது நாற்பது இருக்கும். உட்கார்ந்து போகிற விமானத்தில் ஏழை பாழைகளை ஏற்றிக்கொண்டிருந்த கடைசிக் கம்பெனியும் போன மாதம் மூடிவிட்டதால், நாரைக்கு முதல் தடவையாக வந்திருந்தார்.

"ஆறு மணி நேரம். திருச்சியில கண்ணு முழிப்பீங்க."

"நடுவுல முழிச்சுட்டா?"

"முழிக்க மாட்டீங்க. அப்படி முழிப்பு வந்தா மேல மூடியைத் தட்டுங்க. நான் வந்துருவேன்."

அவருக்குப் பின்னால் நின்ற ஆள் சலித்துக்கொண்டார். "முழிப்பெல்லாம் வராதுய்யா. கைய நீட்டு. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

அவர் காசிலிங்கம். அரியலூர் மாவட்டத்துக்காரர். கம்பி கட்டுகிற வேலை. ஜெசிந்தாவுக்கு அவர் முகம் பழக்கம். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்துவிடுவார். முன்பெல்லாம் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போன மனிதர். நாரை வந்த பிறகுதான் அவர் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு அவர் முகம் மறக்காமல் இருந்தது. ஆனாலும் ஜெசிந்தாவைப் பார்த்து அவர் ஒருநாளும் சிரித்ததில்லை. ஒருமுறை அவள் வலியக் கேட்டாள், "நல்லா இருக்கீங்களாண்ணே?" என்று. "ஊசி போடத்தானே சம்பளம் வாங்குற? போடு" என்றார்.

ஊசி போட்டதும், கையில் ஒரு மெல்லிய மருந்துக் குழாயைச் செருகி, ஒவ்வொருவரையும் ஒரு பெட்டியில் படுக்க வைப்பார்கள். ஆறரை அடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம். கம்பெனி அதற்குத் துயில்மாடம் என்று பெயர் வைத்திருந்தது. ஆட்கள் பெட்டி என்றே சொன்னார்கள், அதன் இன்னொரு அர்த்தம் தெரிந்தேதான் சொன்னார்கள். மேலும் கீழுமாக ஐந்து வரிசை, வரிசைக்கு நான்கு என்று இருபது பெட்டி சேர்ந்தது ஓர் அடுக்கு. பதினான்கு அடுக்குகளையும் சரக்கு ஏற்றுவது போலப் பின்பக்கமாகத் தள்ளிவிட்டால் விமானம் கிளம்பிவிடும். மொத்தம் பதினெட்டு நிமிடம்.

நாரையின் இயக்கப் பிரிவுத் தலைவர் மதனகோபால் இதைப் பயிற்சி வகுப்பில் சுவாமி படத்துக்கு முன்னால் நிற்கிறவர் போல நின்று விளக்குவார்.

"உக்காந்திருக்கற மனுஷனைவிட நஷ்டம் புடிச்ச சரக்கு உலகத்துல கிடையாதும்மா. அவனுக்கு சீட்டு வேணும், கால் நீட்ட இடம் வேணும், தண்ணி, சோறு, கக்கூஸ், ஜன்னல். அத்தனையும் எடை. எடைன்னா எண்ணெய். மலிவு விமானம்னு ஆரம்பிச்சவங்க எல்லாரும் சாப்பாட்டை நிறுத்தினாங்க, மூட்டைக்குக் காசு வாங்கினாங்க, சீட்டை நெருக்கினாங்க. அப்புறமும் ஒவ்வொருத்தனா மூழ்கினான். ஏன்? சீட்டையே தூக்கி வெளியில போடணும்னு ஒருத்தனுக்கும் தோணலை."

"ஏழு மணி நேரத்துக்கு மருந்து போட்டா என்ன சார்? விமானம் லேட்டானா?" என்று ஜெசிந்தா அப்போது கேட்டாள்.

"லேட்டாகாதப்போ? திருச்சி எழுப்புக்கூடத்துல ஒரு மணி நேரம் குறட்டை விட்டுக்கிட்டுக் கிடப்பாங்க. அடுத்த விமானத்து ஆளுங்களை உங்க வீட்டுல கொண்டுபோயா போடறது?"

வகுப்பே சிரித்தது. அவளும்தான்.

பெட்டியைத் தட்டியவர்களின் பெயர் 'துயிலுக்குத் தகுதியற்றோர்' பட்டியலில் ஏறும். அதன் பிறகு அவர்களுக்கு நாரையில் டிக்கெட் கிடையாது. பாதுகாப்புக்காக என்றார்கள். ஜெசிந்தா வேலைக்குச் சேர்ந்த மூன்று வருடத்தில் அவள் போன விமானங்களில் தட்டியவர்கள் ஏழே பேர். அதைத் தன் கைராசி என்று அவள் நம்பினாள்.

அது நவம்பர் மாதம். கொச்சியைத் தாண்டி மலையைக் கடக்கும்வரை விமானம் ஆடாமல் அசையாமல் வந்தது. அடுக்குகளுக்கு நடுவே, இரண்டாள் ஒதுங்கி நடக்க முடியாத சந்தில் ஜெசிந்தா மூன்று தடவை போய் வந்தாள். ஒவ்வொரு பெட்டியின் தலைமாட்டிலும் ஒரு சிறு விளக்கு. நாடி நிதானமாக இருந்தால் பச்சை. துடிப்பு கூடினால் மஞ்சள். இருநூற்று எண்பதும் பச்சை.

இந்திய நேரப்படி மாலை ஐந்து மணிக்கு விமானி உதயசங்கர் அவளை முன்னால் கூப்பிட்டார். ஐம்பத்தேழு வயதுக்காரர். நாரையில் விமானத்துக்கு ஒரே விமானிதான். இதை விட்டால் அவருக்கு வேறு கம்பெனி இல்லை.

"திருச்சியில கொட்டுது சிஸ்டர். எறங்க விடலை. மதுரையும் அப்படித்தான். சுத்தச் சொல்றாங்க."

"எவ்ளோ நேரம்?"

"கடவுளுக்குத்தான் தெரியும்."

"அஞ்சரைக்கு மருந்து முடியுது கேப்டன். கொச்சிக்குத் திரும்பிரலாமே?"

அவர் ரேடியோப் பொத்தானை அழுத்தினார். மதனகோபாலின் குரல் வந்தது.

"கொச்சியா? அங்க அடுக்கை வெளிய இழுக்கற மெஷினே நமக்கு இல்லையே. ஒவ்வொருத்தனா கையில தூக்கி எறக்குவீங்களா? இன்னைக்கு பூரா விமானம் அங்கேயே நிக்கும். நாளைக்கு நாலு விமானம் ரத்து. சுத்துங்க. அரை மணியில விட்டுரும்."

அரை மணியில் விடவில்லை. மேகத்துக்குள் விமானம் குழியில் விழுந்த மாட்டுவண்டி போலத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஐந்து ஐம்பதுக்கு முதல் மஞ்சள் விளக்கு எரிந்தது. அடுத்து நாலு. அடுத்து எண்ண முடியவில்லை. சந்தின் இருபுறமும் மஞ்சளாகிக்கொண்டே வந்தது.

அப்போதுதான் தட்டும் சத்தம் கேட்டது. ஒன்பதாவது அடுக்கு, மேல் வரிசை. ஜமால்தீன். முதலில் விரலால் தட்டினார். பிறகு கையால். பிறகு தலையாலா காலாலா என்று தெரியாத ஒரு முட்டல். "தொறங்க! யாராச்சும் தொறங்க! மூச்சு முட்டுது!" அந்தச் சத்தத்தோடு அக்கம்பக்கத்துப் பெட்டிகளிலிருந்தும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. வார்த்தை புரியவில்லை. பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் முனகுவதுபோல அவளுக்குக் கேட்டது.

அவள் காதுக்கருவியில் மதனகோபாலிடம் கத்தினாள். "சார், ஆளுங்க முழிச்சுட்டாங்க! உள்ளேர்ந்து தட்டுறாங்க!"

"பதட்டப்படாதீங்க. ரெண்டாவது மருந்தை ஓட்டுங்க. ஒவ்வொரு அடுக்குலயும் பொத்தான் இருக்கில்ல?"

"பன்னிரண்டு மணி நேரம் ஆகாம ரெண்டாவது போடக்கூடாது. நூத்துக்கு ரெண்டு பேருக்கு மூச்சு நின்னுரும்னு நீங்க கொடுத்த புத்தகத்துலயே இருக்கு."

"பாதி அளவு போடுங்க. டாக்டர்கிட்ட பேசிட்டேன்."

"எந்த டாக்டர் சார்? பேரைச் சொல்லுங்க."

மதனகோபாலின் குரல் மாறியது. "ஜெசிந்தா. உங்க வேலை அவங்களைத் தூங்க வைக்கறது. அதைச் செய்யுங்க."

நூற்றுக்கு இரண்டு என்றால் இருநூற்று எண்பதில் ஐந்தாறு பேர். எந்த ஆறு பேர் என்று யாருக்குத் தெரியும்? கணக்கு அவள் மண்டைக்குள் தானாக ஓடியது. முன்பக்கம் ஓடினாள். "கேப்டன், திருப்புங்க! உங்களுக்கு அதிகாரம் இருக்கு!"

உதயசங்கர் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். "போன வருஷம் கொச்சியில எறக்குனவன் இப்ப வாடகைக் கார் ஓட்டுறான் சிஸ்டர். எனக்கு ரெண்டு பொண்ணு."

அவள் திரும்பி வந்தாள். ஜமால்தீன் இப்போது கத்தவில்லை. அழுதுகொண்டிருந்தார். ஒவ்வொரு அடுக்கின் ஓரத்திலும் ஒரு சிவப்புப் பிடி இருக்கும். தரையில் தீப்பிடித்தால் மட்டும் இழுக்க வேண்டியது. இழுத்தால் இருபது மூடியும் ஒன்றாகத் திறந்துகொள்ளும். ஆகாயத்தில் ஆட்கள் இறங்கி நடமாட ஆரம்பித்துவிட்டால் எந்த விமானியும் சுற்றிக்கொண்டிருக்க முடியாது. எங்காவது இறக்கித்தான் ஆக வேண்டும். அது அவளுக்குத் தெரியும்.

ஒன்பதாவது அடுக்கின் பிடியை இழுத்தாள். பிறகு எட்டு. பத்து. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும்.

"என்ன காரியம் பண்ணித் தொலைச்சீங்க!" என்று விமானி அறையிலிருந்து குரல் வந்தது. விமானம் வலப்பக்கமாகச் சாய்ந்து திரும்பியது. அவசரநிலை அறிவித்துவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. அந்த நொடியில் ஒரு பெரிய குழி. காலுக்குக் கீழே தரையே இல்லாமல் போனதுபோல இருந்தது. மேல் வரிசையிலிருந்து பாதி எழுந்து காலைத் தொங்கப்போட்டிருந்த ஜமால்தீன் தலைகுப்புற அவள் முன்னால் விழுந்தார்.

கழுத்து எந்தப் பக்கம் திரும்பக்கூடாதோ அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. ஜெசிந்தா தெரிந்த எல்லாவற்றையும் செய்தாள். கொச்சியில் சக்கரம் தரையைத் தொடும்வரை அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாள். எதிர்ப்பெட்டியில் காசிலிங்கம் படுத்த வாக்கில் கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் நன்றி இல்லை. மருந்து மயக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாளே நாரை ஏர் பறப்பதற்கு அரசாங்கம் தடை போட்டது. ஒரு வாரம் தொலைக்காட்சிகளில் ஜெசிந்தா வீராங்கனையாக இருந்தாள். இரண்டாவது வாரம் கம்பெனியின் வக்கீல் வாயைத் திறந்தார். பயணிகள் எல்லோரும் ஆழ்ந்த உறக்கத்தில் இருந்தார்கள். குலுக்கலில் விளக்கு மஞ்சளாவது சகஜம். யாரோ ஒருவர் தூக்கத்தில் உளறியதைக் கேட்டு மிரண்டுபோன ஊழியர் ஒருத்தி எல்லாப் பெட்டிகளையும் திறந்து, உறங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதரைக் கீழே விழவைத்துக் கொன்றுவிட்டாள் என்றார். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரை வைத்து விசாரணை என்று முடிவாயிற்று.

ஆட்கள் விழித்திருந்தார்களா, தூங்கினார்களா? வழக்கே அந்த ஒற்றைக் கேள்விதான். விழித்திருந்தால் குற்றம் கம்பெனியுடையது. தூங்கியிருந்தால் அவளுடையது.

ஆறாவது வாரம் திருச்சியில் விசாரணை நடந்தது. ஆட்டோவிலிருந்து இறங்கிய ஜெசிந்தாவுக்கு வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் தெம்பு வந்தது. அவள் காப்பாற்றிய மனிதர்கள். கிட்டப் போனதும்தான் அட்டைகளைப் படித்தாள். 'நாரையைப் பறக்க விடு.' 'எங்கள் பிழைப்பைக் கெடுக்காதே.'

"வந்துட்டா பாரு!" என்றான் ஒருவன். "மகராசி! குடும்பத்துக்கே ஊசி போட்டுட்டா!"

யாரோ எறிந்த தண்ணீர் பாக்கெட் அவள் தோளில் பட்டு உடைந்தது. போலீஸ்காரர் ஒருவர் அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போய் வராந்தாவில் விட்டார். அங்கே சாட்சி சொல்ல வந்தவர்களில் ஒருவராகக் காசிலிங்கம் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை. முகத்தில் ஆறு வாரத் தாடி.

"அண்ணே, நீங்களாவது..." என்று ஆரம்பித்தாள்.

"யாருக்கு யாரு அண்ணே?" அவர் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. "லீவு முடிஞ்சு முப்பது நாளாச்சு. வேற விமானத்துல போக எங்கிட்ட வக்கு இல்ல. எடத்துல வேற ஆளப் போட்டுட்டான். இருவது வருசம் பாத்த வேல. ஒன்னால போச்சு."

"ஒரு உயிர் போயிருக்குண்ணே. விட்டிருந்தா இன்னும் ஆறு பேர் போயிருப்பாங்க. நீங்க எல்லாரும் இருட்டுல முழிச்சுக்கிட்டுக் கெடந்தீங்க. நான் எப்படிப் பார்த்துக்கிட்டு இருக்கறது?"

"முழிச்சுக்கிட்டுக் கெடந்தோமா?" காசிலிங்கம் ஓர் அடி முன்னால் வந்தார். "எப்பதான் தூங்குனோம்? முத ரெண்டு தடவ தூங்குனேன். மூணாவது தடவயிலேருந்து பாதி வழியிலயே முழிப்பு வந்துரும். ஒன் ஆறு மணி நேர ஊசி எனக்கு மூணு மணி நேரத்துக்கு மேல நிக்காது. சாராயத்துக்கு ஒடம்பு பழகுற மாதிரி இதுக்கும் பழகிருச்சு. எனக்கு மட்டுமா? அடிக்கடி போற அத்தன பேருக்கும்."

ஜெசிந்தா தலையை ஆட்டி மறுத்தாள்.

"வெளக்கு பச்சையா எரிஞ்சுச்சே..."

"எரியாம? மூச்ச இழுத்து, மெதுவா விட்டு, சாமி பேரச் சொல்லிக்கிட்டு நாடிய அடக்கி வச்சிருப்போம். மஞ்ச வந்தா எழுதிக்குவீங்க. தட்டுனா பேர அடிச்சுருவீங்க. அப்புறம் என் பொண்டாட்டிய ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா பாக்கணும். மூணு மணி நேரம் கண்ண மூடிக்கிட்டுக் கெடக்கறது ஒரு கஷ்டமா? குழி வெட்டறதவிடக் கஷ்டமா?"

"அன்னைக்கு அவரு தட்டினப்போ... பக்கத்துல எல்லாரும் முனகினீங்களே."

"மொனகுனோமா? அவன் புதுசு. அவனுக்கு ஒன்னும் தெரியல. 'கம்முனு கெடய்யா, கம்முனு கெடய்யா'ன்னு ஆளாளுக்குச் சொல்லிக்கிட்டுக் கெடந்தோம். இன்னும் கொஞ்ச நேரத்துல அடங்கியிருப்பான். நாங்கள்லாம் அடங்கலையா? நீ வந்து பிடிய இழுத்த."

மூன்று வருடம். வாரத்துக்கு நாலு விமானம். அந்தச் சந்தில் அவள் நடந்தபோதெல்லாம் இருபுறமும் விழித்த காதுகள் அவள் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அவள் தாண்டிப் போகட்டும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்திருக்கின்றன. ஏழே பேர் தட்டினார்கள் என்று பெருமைப்பட்டிருக்கிறாள்.

"இதை உள்ள வந்து சொல்லுங்கண்ணே," என்றாள் கடைசியில். "கெஞ்சிக் கேக்கறேன். இதைச் சொன்னா கம்பெனி மாட்டும். எல்லாம் சரியாகும்."

காசிலிங்கம் அவளை ஒரு பூச்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "கம்பெனி மாட்டுனா நான் எதுல போவேன்?" என்றார்.

உள்ளே நீதிபதி அவளை உட்காரச் சொன்னார். சாந்தமான மனிதர். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. சற்றுமுன் வராந்தாவில் கேட்டதையும் சேர்த்துச் சொன்னாள். அடிக்கடி பறப்பவர்களுக்கு மருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை. அவர்கள் எல்லாப் பயணங்களிலும் பாதி வழியில் விழித்துக்கொள்கிறார்கள். பட்டியலுக்குப் பயந்து தட்டாமல் கிடக்கிறார்கள். கூடத்தில் சலசலப்பு எழுந்தது. கம்பெனி வக்கீல் எழுந்து எதிர்ப்புத் தெரிவித்தார். மதனகோபால் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கு யார் சொன்னது?" என்று நீதிபதி கேட்டார்.

அவள் கை நீட்டிக் காட்டினாள்.

காசிலிங்கம் எழுந்து வந்து கூண்டில் நின்றார். சத்தியம் செய்தார்.

"பயணத்தில் எப்போதாவது விழித்திருக்கிறீர்களா?"

"இல்லீங்கய்யா."

"ஒரு முறைகூட?"

"படுத்தா பொணம் மாதிரிங்க. எழுப்புனாத்தான் எந்திரிப்பேன். அன்னைக்கு கொச்சிலதான் எழுப்புனாங்க."

"இந்த அம்மாவிடம் வேறு மாதிரி சொன்னீர்களாமே?"

"அவங்கள எனக்குப் பழக்கமே கிடையாதுங்க. ஊசி போடுவாங்க, அவ்வளவுதான்."

அவருக்குப் பின் நாற்பத்தொரு பேர். ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். "நல்லா தூங்குனேன்." "ஒன்னும் தெரியாது." "சுகமான பயணம்." ஒருவர் கண்ணீர் விட்டபடியே சொன்னார், அவ்வளவு நன்றாகத் தான் வீட்டில்கூடத் தூங்கியதில்லை என்று. நீதிபதி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நாற்பத்திரண்டு வாய் ஒரே வார்த்தையைச் சொன்னால் எந்த நீதிபதிதான் என்ன செய்வார்?

மதியம் வராந்தா பெஞ்சில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தபோது மதனகோபால் வந்தார். கையில் இரண்டு காகிதக் குவளையில் தேநீர். ஒன்றை அவள் பக்கத்தில் வைத்தார்.

"உங்க மேல எனக்குக் கோபம் இல்லைம்மா."

அவள் குவளையைத் தொடவில்லை.

"நீங்க பொய் சொல்ற ஆள் இல்லைன்னு எனக்குத் தெரியும். அந்தாளு உண்மையிலேயே அப்படிச் சொன்னாரா?"

"சொன்னார்."

"மூணு மணி நேரம்தான் நிக்குதுன்னா?"

"ஆமா சார்." அந்தக் கட்டடத்தில் ஒருவராவது தன்னை நம்பிவிட்டார் என்று அவள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "பாதி வழியில முழிச்சுடறாங்க. மூணு மணி நேரம் சும்மா கெடக்கறாங்க. எத்தனை வருஷமா நடக்குதோ! நீங்களாவது அதைக் கவனிக்கணும் சார்."

"நிச்சயமா கவனிக்கறேன்," என்றார் மதனகோபால். தேநீரைக் குடித்து முடிக்காமலே எழுந்து போனார்.

ஜெசிந்தாவுக்குச் சிறைத்தண்டனை கிடைக்கவில்லை. பதற்றத்தில் செய்த தவறு என்று அறிக்கை முடிந்தது. நர்ஸ் உரிமத்தை ஐந்து வருடத்துக்கு முடக்கினார்கள். ஆகாயத்தில் யாரும் இழுக்க முடியாதபடி சிவப்புப் பிடிகளுக்குப் பூட்டுப் போட வேண்டும் என்று ஒரு நிபந்தனையோடு நாரை ஏர் மறுபடி பறந்தது. ஜமால்தீன் வீட்டுக்கு அவள் மூன்று கடிதம் எழுதினாள். மூன்றும் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன.

மணப்பாறையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பெயர் கூப்பிட்டு ரசீது கொடுக்கிற வேலை கிடைத்தது. ஊசியைத் தொடக் கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தார். நாரையின் விளம்பரத்தை எதிர்க்கடைச் சுவரில் அவள் தினமும் பார்த்தாள். கட்டணம் இன்னும் குறைந்திருந்தது. எதைக் குறைத்து இதைக் குறைத்தார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. பெட்டி அதே பெட்டி, ஆட்கள் அதே ஆட்கள், இனிக் குறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

ஆனி மாதத்தில் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"ஊசிக்காரம்மாதானே?"

குரல் தெரிந்தது. அவள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். "சொல்லுங்க."

"ஒன் நம்பர வாங்க நாலு பேருகிட்ட நாயா அலைஞ்சேன். திட்டணும்னுதான் கூப்புட்டேன்," என்றார் காசிலிங்கம். "தம்மாமுல வேற கம்பெனியில வேல கெடைச்சிருச்சு. நேத்துதான் ஊருக்கு வந்தேன். நாரையிலதான். ஊசியில மருந்து கம்மி இப்ப. எவ்ளோ கொறச்சாங்கன்னு தெரியல. கை காலு கனத்துக் கெடக்குது, ஆனா மூடி சாத்துற சத்தத்துலேருந்து எறங்குற வரைக்கும் எல்லாம் கேக்குது. அஞ்சு மணி நேரமும் முழிப்பு. எல்லாருக்கும்."

ஜெசிந்தா எழுந்து கடைக்கு வெளியே வந்தாள். வெயில் கண்ணைக் குத்தியது. காகிதக் குவளையை வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த அந்த மனிதரின் முகம் அவளுக்கு இப்போதுதான் சரியாகப் புரிந்தது. தூங்காமலே தட்டாமல் கிடக்கிறவர்களுக்கு எதற்கு முழு மருந்து?

"நாங்க மூணு மணி நேரம் கெடந்தோம். யாருக்கும் தெரியாம கெடந்தோம். அத நீ உள்ள போயி ஊருக்கே சொன்ன. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கக் கூடாதா நீ?"

"யாராவது தட்டினாங்களாண்ணே?"

மறுமுனையில் லாரி ஒன்று கடந்து போகும் சத்தம் கேட்டது.

"தட்டுவானா?" என்றார் காசிலிங்கம். "இப்ப டிக்கெட் என்ன வெலன்னு தெரியுமா ஒனக்கு? மாசத்துக்கு ஒருக்கா வந்து போலாம்."

"தட்டுங்கண்ணே. நீங்க எல்லாரும் ஒண்ணாத் தட்டினா எத்தனை பேரோட பேரை அடிப்பாங்க?"

"நீ யாரு எனக்குச் சொல்ல?" என்று அவர் சீறினார். பிறகு கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. இழுத்து, மெதுவாக விட்டு, ஒரே சீராக வந்துகொண்டிருந்த மூச்சு.

"பதினாலாந் தேதிக்குத் திரும்பறதுக்குப் போட்டாச்சு," என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.